கெட்டிமேளத்துக்கு முன் ஓர் அப்டேட்

பிள்ளைகளே, கோயில் கணினியை இனிமேல் நீங்கள்தான் பார்க்கப் போகிறீர்கள். கடவுச்சொற்களைத் தந்துவிட்டேன். எந்த வயர் எங்கே கொழுவியிருக்கிறது என்று படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன். ஒன்றை மட்டும் இன்னும் ஒப்படைக்கவில்லை. அதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

இத்தாலியனில் எழுதினால் நீங்கள் கடகடவென்று வாசிப்பீர்கள் என்று தெரியும். ஆனால் எங்கள் கடை முதலாளியும் வாசித்துவிடுவார். பழுதில்லாத லேப்டாப் ஒன்றைக் காட்டி ஒரு கலியாண மண்டபத்தையே காக்கவைத்தவள் நான் என்பது, நான் ஓய்வுபெற்ற பிறகு அவருக்குத் தெரியவேண்டியதில்லை. ஆகவே எழுத்துக்கூட்டியாவது வாசியுங்கள். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு உங்களை இழுத்துக்கொண்டு போன தாய்மாருக்கு அது ஆறுதலாக இருக்கும்.

பலெர்மோவில் வியா மக்வேதாத் தெருவுக்குப் பின்சந்தில் இருக்கும் நம் கணினிக் கடைக்கு வருகிறவர்கள் எல்லோரும் சொல்லும் ஒரு வசனம் உண்டு. பல் வைத்தியரும் அதைத்தான் சொல்வார், மருந்துக்கடைக்காரரும் அதைத்தான் சொல்வார். புதிய இயங்குதளத்துக்கு மாற்றுங்கள், ஆனால் என்னுடைய பழைய புரோகிராம் பழையபடியே வேலை செய்யவேண்டும். கேட்க எவ்வளவு எளிமையாக இருக்கிறது பாருங்கள். அந்த வசனத்தைக் கேட்டால் நான் இப்போதும் உடனே ஓம் சொல்லமாட்டேன்.

ஏனென்றால் பழையபடி என்றால் என்னவென்று சொல்கிறவருக்கே தெரியாது. ஒரு பல் வைத்தியரின் வரவேற்பில் இருந்த இத்தாலிய அம்மா, ஒரு சிஞ்ஞோரா, புதிய கணினி பழுது, எல்லாவற்றையும் இரண்டு தரம் அச்சடிக்கிறது என்று கடைக்கு வந்து சண்டை பிடித்தார். போய்ப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். பழைய கணினியில் முதல் தரம் அமத்தினால் ஒருநாளும் அச்சாகாது. அதனால் அவருடைய விரல் வருடக்கணக்காக இரண்டு தரம் அமத்திப் பழகிவிட்டது. புதியது சொல்வழி கேட்கிற பிள்ளை, இரண்டு தரமும் அச்சடித்தது. கணினியை மாற்றிவிட்டோம், விரலை யார் மாற்றுவது?

அதன் பிறகு ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். பழையதை உடனே தூக்கி எறியமாட்டேன். பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டிடமும் ஒரே கேள்வியைக் கேட்பேன். பதில் ஒன்றாக வந்தால்தான் வீட்டுக்குப் போவேன். கோயில் கதை அங்கேதான் தொடங்குகிறது.

நகரத்தின் சீசாப் பகுதியில் இருக்கும் நம் கோயிலில் பஞ்சாங்கம் கணிக்க ஒரு புரோகிராம் இருந்தது. ஊரில், யாழ்ப்பாணத்தில் யாரோ எழுதியது. அதை எழுதியவர் எங்கே போனார் என்று ஒருவருக்கும் தெரியாது. அந்தப் புரோகிராமோடு சேர்த்துக் கணினியையும் ஊரிலிருந்து கொண்டுவந்து, பூப்போலப் பார்த்துக்கொண்டவர் கோயில் பொருளாளர் செல்வண்ணை. வைரஸ் வந்துவிடும் என்று இன்டர்நெட்டைக் கிட்டவும் அண்டவிடமாட்டார். மார்ச் மாதமும் ஒக்டோபர் மாதமும் இங்கே மணிக்கூட்டை மாற்றும் ஞாயிற்றுக்கிழமைகளில், பூசை முடிந்ததும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, சுவர் மணிக்கூட்டைத் திருத்துவது போலக் கணினியின் நேரத்தையும் தன் கையால் திருத்துவார். வேறு யாரும் தொடக்கூடாது. இந்த நகரத்தில் நம் ஆட்களின் கலியாண நேரங்கள் எல்லாம் அந்தப் பெட்டிக்குள் இருந்துதான் வந்தன.

அப்படியிருக்க, கோயில் பிரின்டர் செத்துப்போனது. புதிய பிரின்டரோ பழைய இயங்குதளத்தோடு கதைக்கவே மறுத்துவிட்டது. செல்வண்ணை வேறு வழியில்லாமல் என்னைக் கூப்பிட்டார். அவருக்கு அது அவசரம். அவருடைய ஒரே மகளுக்கு அந்தக் கிழமை சனிக்கிழமை கலியாணம். தேவாரமும் நன்றி மடலும் அச்சடிக்கவேண்டும்.

"தங்கச்சி, என்னவும் செய்யுங்கோ. புரோகிராம் மட்டும் பழையபடி வேலை செய்யவேணும்" என்றார்.

வந்துவிட்டதா அந்த வசனம்?

புதிய கணினிக்குள் பழைய புரோகிராமைக் குடியேற்றிய விதத்தை இங்கே எழுதப்போவதில்லை. அது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஏற்றி முடித்து, இரண்டையும் பக்கத்தில் வைத்து, என்ன கேள்வி கேட்கலாம் என்று யோசித்தேன். கைப்பையில் செல்வண்ணையின் மகளின் கலியாண அழைப்பிதழ் கிடந்தது. அந்தச் சனிக்கிழமையையே கேட்டுப் பார்ப்போம் என்று இரண்டிலும் அமத்தினேன்.

பழைய கணினி, அழைப்பிதழில் இருந்தபடியே பத்தே முக்காலில் இருந்து பன்னிரண்டு வரைக்கும் சுபமுகூர்த்தம் என்றது. புதியது, பதினொன்றே காலும் தாண்டும் வரைக்கும் ராகு காலம் என்றது.

முதலில் என் வேலையில்தான் பிழை என்று நினைத்தேன். அப்படித்தான் நினைக்கவும் வேண்டும். எல்லாவற்றையும் கழற்றி மறுபடி ஏற்றினேன். அதே பதில். பிறகு பழைய கணினியின் நேரத்தை அமத்தி உள்ளே போய்ப் பார்த்தபோது விளங்கியது. கணினிக்குள் நேரம் வேறு, நாடு வேறு. செல்வண்ணை நேரத்தை மட்டும் திருத்திக்கொண்டு வந்திருக்கிறார். நாட்டை ஒருநாளும் மாற்றவில்லை. திரையின் மூலையில் பலெர்மோ நேரம் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே அந்தக் கணினி இன்னும் இலங்கையிலேயே இருந்தது. புரோகிராம் யாரையும் ஊர் கேட்காது. கணினி எந்த நாட்டில் இருக்கிறதோ அந்த நாட்டுச் சூரியனை வைத்துத்தான் கணிக்கும். அது பாவம், யாழ்ப்பாணத்தில் சூரியன் உதிக்கிற கணக்கையே சொல்லிக்கொண்டிருந்தது. ஆனி மாதத்தில் இங்கே பகல் நீளம் என்பதும், பகலோடு சேர்ந்து ராகு காலமும் இழுபட்டு நீளும் என்பதும் அதற்கு எப்படித் தெரியும்?

அப்படியென்றால், இந்த நகரத்தில் அந்தப் பெட்டியை நம்பிக் கழுத்தை நீட்டியவர்கள் எல்லோரும் இங்கேயும் சேராத, அங்கேயும் சேராத ஒரு நேரத்தில், ஆகாயத்தில் விமானம் பறக்கும்போது தாலி கட்டியது போலக் கட்டியிருக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. அதோடு பயமும் வந்தது. தெரிந்த தம்பதிகளை ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தேன். எங்கள் கட்டடத்தில் பாத்திரம் பறக்கச் சண்டை பிடிக்கிற சோடி லண்டனில், திறமான பஞ்சாங்கத்தில் நேரம் பார்த்துக் கட்டியவர்கள். அது எனக்குக் கொஞ்சம் தெம்பைத் தந்தது.

பிள்ளைகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். அந்த நேரம் என் கைக்குள் ஒரு லேசான வழி இருந்தது. புதிய கணினியையும் இலங்கைக்கு மாற்றிவிட்டால் இரண்டும் ஒரே பதிலைச் சொல்லும். கேட்டவர் கேட்டது பழையபடி. கொடுத்ததும் பழையபடி. கையெழுத்தை வாங்கிக்கொண்டு போய்விடலாம். ஒருவரும் என்னைக் குற்றம் சொல்லமுடியாது. ஆனால் அந்தச் சனிக்கிழமை ராகு காலத்தில் தாலி ஏறும். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. செல்வண்ணைக்கு இருந்தது. பெட்டி அவருடையது, பிள்ளை அவருடையது. அவரிடம் மறைப்பதற்கு நான் யார்?

இரண்டு பதிலையும் இரண்டு தாளில் எழுதிக்கொண்டு முதலில் ஐயரிடம் போனேன். புரோகிராமைப் பாவிக்கிறவர் அவர்தானே. அவர் இரண்டு தாளையும் வாங்கிப் பார்த்தார். முன்பு நடந்த கலியாணங்களை என்ன செய்வது என்று நான் மெல்லக் கேட்டேன்.

"சடங்கு செய்தது நான். கம்ப்யூட்டர் செய்யேல்லை" என்றார். "பழசை விடுங்கோ அம்மா. வாற சனிக்கிழமையைக் கதைப்பம்."

பிறகு செல்வண்ணையைக் கூப்பிட்டுச் சொன்னோம். மனிதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டார், மறுபடி கழற்றினார். இத்தனை வருடம் தன் கையாலேயே திருத்தினேனே என்று மட்டும் இரண்டு தரம் சொன்னார். எனக்கு மனது கேட்கவில்லை. உங்கள் திருத்தத்தில் பிழையில்லை அண்ணை, அதற்குள் இன்னொரு கதவு இருந்தது, அதை உங்களுக்கு யாரும் காட்டவில்லை என்றேன். அது உண்மையும்கூட.

ஆனால் அவருடைய பயம் வேறு இடத்தில் இருந்தது. மாப்பிள்ளையின் தாய். ஜெனோவாவில் இருக்கிற அந்த அம்மா, முன்பு மகனுக்குப் பேசி முற்றாகியிருந்த ஒரு சம்பந்தத்தைச் சகுனம் சரியில்லை என்று கடைசி நேரத்தில் நிறுத்தியவர். அழைப்பிதழ் அடித்துக் கொடுத்த பிறகு நேரம் பிழை என்று சொன்னால் என்ன செய்வாரோ? மகள் அந்தப் பெடியனை நான்கு வருடமாக விரும்பிக் காத்திருந்தவள்.

"அந்த மனுசிக்குத் தெரிஞ்சால் என்ரை பிள்ளையின்ரை வாழ்க்கை போச்சு" என்றார் செல்வண்ணை.

ஐயர் இரண்டு தாளையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து விரலால் கோடு போட்டார். முகூர்த்தம் முடிவதற்கு முந்திய கடைசி அரை மணித்தியாலம் இரண்டு கணக்கிலும் நல்ல நேரம். அழைப்பிதழை மாற்றத் தேவையில்லை. தாலி கட்டுவதைக் கொஞ்சம் பிந்தவைத்தால் போதும். எங்களுக்கு உயிர் வந்தது. பலெர்மோவில் ஒன்றைப் பிந்தவைப்பதா கஷ்டம்? மாப்பிள்ளை வீட்டார் தங்கியிருப்பதோ கடற்கரைப் பக்கம், மொண்டெல்லோவில். ஆனி மாதச் சனிக்கிழமை, கடற்கரைக்குப் போகிற கார்களுக்குள் இருந்து அவர்கள் வெளியே வரும்போது ராகு காலமே களைத்துப்போய்விடும் என்று செல்வண்ணை சொல்லிச் சிரித்தார்.

சனிக்கிழமை காலை நான் மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது, மாப்பிள்ளையின் தாய் எனக்கு முதலே வந்து முன்வரிசைக் கதிரை ஒன்றில் இருந்தார். விடியமுதல் வெளிக்கிட்டாராம். கையில் மணிக்கூடு, மடியில் கைப்பை. மணவறையையும் கதிரையையும் அளவெடுப்பது போல மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். செல்வண்ணையின் முகம் தோசைமாவைப் போல வெளுத்தது.

இனி என் தலையில்தான் விழுந்தது. ஏன் என்று உங்களுக்குத் தெரியும். இங்கே நாதசுரக்காரர் கிடையாது. சுவிஸில் இருந்து கூப்பிட்டால்தான் உண்டு. அதனால் நம் கலியாணங்களுக்கு மேளம் என் லேப்டாப்பில் இருந்துதான் வரும். கெட்டிமேளம் இல்லாமல் தாலி கட்டமாட்டார்கள். அதே லேப்டாப்பில் இருந்துதான் மண்டபத்தின் பெரிய திரையில் மணவறையையும் காட்டுவேன்.

அந்த லேப்டாப்பில் ஒரு பெரிய அப்டேட் நெடுநாளாக வாசலில் நின்று தட்டிக்கொண்டிருந்தது. பிறகு, பிறகு என்று தள்ளிப்போட்டிருந்தேன். உங்களுக்கு அப்படிச் செய்யாதீர்கள் என்று நூறு தரம் சொன்னவளும் நான்தான். ஐயர் சடங்குகளை மெதுவாகத்தான் செய்தார். ஆனால் மந்திரத்தை எவ்வளவுக்கு இழுக்கமுடியும்? தாலித்தட்டு சபைக்குள் சுற்றிவரத் தொடங்கியது. ராகு காலம் முடிய இன்னும் நேரம் கிடந்தது. அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிள்ளையாரே என்று நினைத்துக்கொண்டு அப்டேட் பொத்தானை அமத்தினேன்.

பெரிய திரையில் மாப்பிள்ளையும் பொம்பிளையும் மறைந்தார்கள். நீல நிறம் வந்தது. நடுவில் அந்தச் சுற்றும் வட்டம். கணினியை அணைக்கவேண்டாம் என்று இத்தாலியனில் கீழே எழுதியிருந்தது.

ஒருவரும் கோபிக்கவில்லை என்பதுதான் அதிசயம். மண்டபத்தில் இருந்த எல்லோருக்கும் அந்த நீலத்தைத் தெரியும். எல்லோரும் அதனிடம் அடிவாங்கியவர்கள். செல்வண்ணையின் மனைவி வேலை செய்கிற வீட்டுச் சிஞ்ஞோராகூட, என் வீட்டிலும் இதே தொல்லைதான் என்று கையை விரித்துக் காட்டினார். நான் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு, மேளம் இதற்குள் மட்டும்தான் இருக்கிறது, கொஞ்சம் பொறுங்கள் என்று அறிவித்தேன். பிள்ளைகளுக்குச் சர்பத் கொடுத்தார்கள். ஐயர் சபைக்குக் கன்னிகாதானத்தின் தாற்பரியத்தை விளக்கத் தொடங்கினார். மாப்பிள்ளையின் தாய் மட்டும் மணிக்கூட்டையும் திரையையும் பார்த்தபடி இருந்தார். எனக்கு அது சத்தம் போடுவதைவிடப் பயமாக இருந்தது.

ராகு காலம் முடிந்தது. ஐயர் மெல்லத் தலையாட்டினார். என் கணக்கின்படி அப்டேட்டும் முடிந்திருக்கவேண்டும். முடியவில்லை. வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. நல்ல அரை மணித்தியாலம் கரையத் தொடங்கியது. பொய்யாகப் பிடித்த சனியன் உண்மையாகவே பிடித்துவிட்டதோ என்று நினைத்தேன். என் போனில் இன்னொரு பிரதி இருந்தது. அது இல்லாமல் நான் வேலைக்குப் போனதே கிடையாது. ஆனால் மேளம் இதற்குள் மட்டும்தான் என்று முழு மண்டபத்துக்கும் சொல்லிவிட்டேனே. இப்போது போனை எடுத்தால், ஏன் முதலே எடுக்கவில்லை என்று அந்த அம்மா கேட்கமாட்டாரா?

அந்த நேரம் பார்த்து அவர் எழுந்து என்னிடம் வந்தார். செல்வண்ணை கண்ணை மூடிக்கொண்டார்.

"பிள்ளை, உங்களைப்போல ஆக்கள் போனிலை ஒண்டு வைச்சிருப்பியள். அதைப் போடுங்கோ, காணும்" என்றார்.

பொறுமை இழந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டு, ஓம் அம்மா, இப்போதுதான் ஞாபகம் வந்தது என்று உளறியபடி ஓடினேன். ஐயருடைய ஒலிவாங்கிக்கு முன்னால் போனைப் பிடித்தேன். தகரத்தில் கொட்டுவது போல ஒரு கெட்டிமேளம் வந்தது. அட்சதை பறந்தது. தாலி ஏறியது. அந்தப் பெட்டை சிரித்துக்கொண்டே அழுதாள். எனக்கும் அழுகை வந்துவிட்டது.

பந்தி நடந்துகொண்டிருந்தபோது கை கழுவுகிற இடத்தில் மாப்பிள்ளையின் தாய் என்னைப் பிடித்தார். இனித்தான் விசாரணை என்று நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அது நல்ல காரியம் பிள்ளை. உங்கடை கம்ப்யூட்டர் நிக்காமல் விட்டிருந்தால் நான் மயங்கி விழ இருந்தனான்."

அவர் கைப்பையைத் திறந்து காட்டினார். உள்ளே மயக்கம் தெளிவிக்கிற ஓடிக்கொலோன் போத்தல் ஒன்று இருந்தது. தன் தங்கச்சிக்குச் சொல்லி வைத்திருந்தாராம், விழுந்ததும் தண்ணீர் தெளிக்க, ராகு காலம் முடிந்ததும் எழுப்ப. அழைப்பிதழ் கிடைத்த அன்றே போனில் பலெர்மோவுக்கு நேரம் பார்த்துவிட்டாராம். விடிய வந்ததும் விழுவதற்கு வசதியான இடம் தேடித்தானாம். மணவறைக்குக் கிட்ட, ஆனால் குத்துவிளக்கில் படாத இடம்.

அப்படியென்றால் ஏன் வாய் திறந்து சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னால் பொம்பிளை பகுதி தலைகுனியவேண்டி வரும். கலியாணத்தண்டு அந்தப் பிள்ளையின்ரை முகம் வாடக்கூடாது" என்றார்.

முந்திய சம்பந்தத்தைச் சகுனம் பார்த்து நிறுத்தினீர்களாமே என்று துணிந்து கேட்டுவிட்டேன். அவர் சிரித்தார். அந்தப் பிள்ளைக்கு வேறு ஒரு பெடியனில் விருப்பமாம், தன்னிடம் வந்து அழுததாம். பிள்ளையின் தகப்பனிடம் அதைச் சொல்லமுடியுமா? சகுனத்தின் தலையில் போட்டால் ஒருவருக்கும் நோகாது.

அப்பால் பந்தியில் செல்வண்ணை இரண்டாம் தரம் பாயாசம் வாங்கிக்கொண்டு, எங்கள் பக்கம் பார்த்து எனக்கு மட்டும் விளங்கும்படி ஒரு கண்ணைச் சிமிட்டினார். அந்த அம்மா அதைக் கண்டுவிட்டார்.

"அவருக்குச் சொல்லிப்போடாதேங்கோ" என்றார். "என்னைப் பேய்க்காட்டிப்போட்டம் எண்டு அந்த மனுசன் எவ்வளவு சந்தோசமாச் சாப்பிடுறார், பாருங்கோ."

சரி, இதுதான் ஒப்படைக்காமல் வைத்திருந்தது. பழையதையும் புதியதையும் ஒரே கேள்வி கேளுங்கள். பதில் வேறாக வந்தால் மறைக்காதீர்கள். ஆனால் யாரிடம், எந்த முகத்தோடு சொல்கிறோம் என்று யோசியுங்கள். இதைப் படிப்பிக்க எந்த வகுப்பும் இல்லை. பிரதி எப்போதும் போனில் இருக்கட்டும்.

புதிய கணினி நேரத்தைத் தானே திருத்திக்கொள்ளும். ஆனாலும் மார்ச்சிலும் ஒக்டோபரிலும் செல்வண்ணை பூசை முடிந்து கையைத் துடைத்துக்கொண்டு வருவார். வந்து திரையின் மூலையைப் பார்த்து, சரி என்று தலையாட்டுவார். கதிரையை விட்டு எழும்பி அவருக்கு இடம் கொடுங்கள். நீங்கள் வந்து பார்த்தது நல்லதாய்ப் போயிற்று அண்ணை என்று ஒரு சொல் சொல்லுங்கள். சம்பந்தி அம்மாவை ஏமாற்றிய கதையை அவரே தொடங்குவார். முதல் தரம் கேட்பது போலக் கேட்டுச் சிரியுங்கள்.

இந்தத் தாளை மட்டும் மறதியாகக் கோயில் மேசையில் வைத்துவிட்டு வராதீர்கள். முதலாளிக்குத்தான் தமிழ் வாசிக்கத் தெரியாது. செல்வண்ணைக்குத் தெரியும்.